கிணற்றைச் சுற்றி இருநூறு

"நாய் இருக்குதுன்னு லெட்டர்ல எழுதவே இல்லியே பஞ்சு?"

சிவகாமியம்மாள் கேட்டது பஞ்சநாதத்தை. கண் மட்டும் நாயின் மேல் இருந்தது. மாட்டுவண்டியிலிருந்து குதித்த நாய் உடம்பை இரண்டு தரம் உதறிக்கொண்டு, வடக்கு வீதியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தது. ஓடிப் பார்க்கலாமா என்று யோசிக்கிற பார்வை.

"எழுதினா வேணாம்னு பதில் வரும். அதான் நேரா இட்டாந்துட்டேன்."

"இப்ப மட்டும் வேணும்னு சொன்னேனா?"

"வெயில்ல நிக்க வெச்சே கேக்கணுமா அத்தே? உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி குடுத்துட்டுக் கேளுங்களேன்."

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம். ஜப்பான்காரன் கப்பல் வருகிறது, குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. கடலூரிலும் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். பஞ்சநாதம் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டு குமாஸ்தா. அவரால் ஊரை விட்டு நகர முடியாது. மனைவி அபயாம்பாளை மட்டும் சிதம்பரத்தில் தூரத்து அத்தை வீட்டுப் பின்கட்டில் குடி வைத்துவிட்டு, தான் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டு, சனிக்கிழமை ரயிலில் வந்து போவதாக ஏற்பாடு. அத்தைக்குப் பிள்ளை குட்டி இல்லை. வீடும் ஒரு பசுமாடும் உண்டு.

"ஏன் அத்தே, கடலூருக்கு வர்ற ஜப்பான்காரன் சிதம்பரத்துக்கு வர மாட்டானா?" என்று கேட்டாள் அபயாம்பாள், தண்ணீரைக் குடித்துவிட்டு.

"வரட்டுமே. நடராஜரு பாத்துக்குவாரு."

"கடலூர்லயும்தான் பாடலீசுவரர் இருக்காரு."

"அவரு கடலுக்கு ரொம்பக் கிட்ட இருக்காருடி."

பஞ்சநாதம் சிரித்தார். அபயாம்பாளும் சிரித்தாள். சிவகாமியம்மாள் சிரிக்காமல் நாய்க்கு வந்தாள்.

"இதோ பாரு அபயம். நீ வந்தது எனக்கு சந்தோசம். ஆனா இந்த நாய் முன்வாசல்ல கால் வெக்கப்படாது. சாமி வர்ற வீதி. போக வர எல்லாம் கொல்லைப் பக்கம்."

"வீதியில வேற நாயே இல்லியா அத்தே? வர்றப்போ ஏழெட்டு பாத்தேனே."

"அதுங்க யாரு வீட்டு நாயும் இல்லே. அதுங்க பண்ணா யாரையும் கேக்க முடியாது. இது பண்ணா என்னைத்தானே கேப்பாங்க?"

நாயின் பெயர் ஜாக்கி. பாதி அல்சேஷன். பஞ்சநாதத்தின் மகன் தில்லைநாதன் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தபோது வெள்ளைக்கார எஞ்சினியர் கொடுத்த குட்டி. விடிவதற்குள் அவனும் அதுவும் மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓடுவார்கள். திரும்பி வந்துதான் அவனுக்குக் காப்பி, அதற்குக் கஞ்சி. சாயங்காலம் மறுபடி. அப்புறம் அவன் பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சிங்கப்பூர் போனான். சிங்கப்பூர் மாசி மாதத்தில் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அதற்கு முன் வந்த கடைசிக் கடிதத்தை அபயாம்பாள் அரிசிப்பானைக்குள் வைத்திருந்தாள். அது அவளுக்கு மனப்பாடம்.

"அம்மா, ஜாக்கிக்குக் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நடை தவறக் கூடாது. இந்த ரகம் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். எக்காரணம் கொண்டும் கட்டிப் போடாதே. நான் வரும்போது அவன் என்னோடு ஓட வேண்டும்."

முதல் பத்து நாள் அவள் கொல்லைக் கதவைத் திறந்து பின்சந்தில் நடத்திக்கொண்டு போனாள். ஐம்பது வயதில் நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிற பொம்பளையைச் சிதம்பரம் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னம்மா, நாய் உங்களை இட்டும் போவுதா, நீங்க நாயை இட்டும் போறீங்களா?" என்று ஒரு தயிர்க்காரி கேட்டாள்.

"ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள் அபயாம்பாள்.

பதினோராம் நாள் சந்து முனையில் கோயிலுக்குப் பூக் கொண்டுபோகிற பெரியவர் எதிரே வந்தார். குளித்த ஈரத்தோடு, மூங்கில் கூடை நிறைய அலரியும் நந்தியாவட்டையும். ஜாக்கி அவரைத் தொடவில்லை. கூடையை மட்டும் ஒரு தரம் மோந்தது. அவ்வளவுதான். பெரியவர் கூடையை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, திரும்பக் குளிக்கப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த வீதிக்காரர்கள்.

"இன்னொரு தரம் இது இந்தக் கொல்லைக் கதவைத் தாண்டினா, நீயும் கூடவே தாண்டிக்கோ" என்றாள் சிவகாமியம்மாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. "அறுபது வருசமா இந்த வீதியில இருக்கேன். என் வீட்டால சாமிக்குப் பூ இல்லாம போச்சுன்னு சொல்ல வெச்சிட்டியே."

"அப்ப இது எங்க நடக்கும் அத்தே?"

"நாய்தானே? கொல்லையில நடக்கட்டும்."

கொல்லை முப்பதடி நீளம். ஒரு பக்கம் மாட்டுக் கொட்டகை, ஒரு பக்கம் துவைக்கிற கல், நடுவில் கிணறு. கிணற்றைச் சுற்றிக் கருங்கல் தளம். மறுநாள் காலை அபயாம்பாள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றினாள். ஒரு சுற்றுக்கு இருபது அடி. ஜாக்கி முதலில் விளையாட்டு என்று நினைத்தது, அப்புறம் நின்று கொல்லைக் கதவைப் பார்த்தது, அப்புறம் சுற்றியது.

மாட்டுக்குத் தவிடு கலக்க வந்த சிவகாமியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வலமா சுத்துறியா?"

"ஆமாம் அத்தே."

"அப்ப சரி. இங்க சிவகங்கைத் தீர்த்தத்து ஊத்து எல்லாக் கிணத்துலயும் உண்டும்பாங்க. நாய்க்கு நடையும் ஆச்சு, உன் புள்ளைக்கு வேண்டுதலையும் ஆச்சு. எத்தினி சுத்து?"

"எண்ணலியே."

"எண்ணாம என்ன வேண்டுதலை?"

அன்று சாயங்காலம் அவளே ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்து கிணற்றுக் கட்டையில் வைத்தாள். காலையில் நூறு, சாயங்காலம் நூறு. சுற்றுக்கு ஒரு கொட்டை இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்குப் போகும். போகும்போது அபயாம்பாளின் உதடு அசையும். என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

பஞ்சநாதம் சனிக்கிழமை வந்தபோது இதைப் பார்த்தார்.

"என்னடி இது, நாயைப் போட்டுக் கிணத்தைச் சுத்த வெச்சிருக்கே? நடைன்னா நேரா போவணும். அவன் எழுதினது நடை."

"நீங்க நேரா இட்டும் போங்களேன். ஆம்பளை தானே? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ரயில்வே கேட்டுப் பக்கம் வயலு இருக்கு. அங்க எந்தப் பூக்கூடையும் வராது."

"எப்படிப் போவறது? வீதியைத் தாண்டித்தானே போவணும்."

"அத்தே எழுந்துக்கறதுக்கு முன்னாடி, விடியறதுக்குள்ள போயிடுங்க."

போனார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வந்ததும் சங்கிலியைத் துவைகல் மேல் வீசினார்.

"என்னங்க?"

"நம்ம ஹெட் கிளார்க்கு மச்சான் எதிர்ல வந்தான். 'என்ன முதலியார், துரை ஊருக்குப் போயிட்டாரா, நாயை உங்க கையில குடுத்துட்டு?'ன்னு கேட்டான். கூட இருந்தவன் 'இல்லீங்க, இவருதான் துரை'ங்குறான்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க."

"நாளைக்குக் கோர்ட்டு பூரா தெரியும். நான் அங்க வேலை பார்க்கணும் அபயம். உன் கிணறே இருக்கட்டும்."

அப்படிக் கிணறே இருந்தது. மழைக்காலத்தில் கல் வழுக்கியபோதும் இருந்தது. மார்கழிப் பனியில், ஆனித் திருமஞ்சனத்துக் கூட்டத்தில், அபயாம்பாளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில்கூட, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். கருங்கல்லில் ஒரு வளையம் மட்டும் மழமழவென்று பளபளத்தது. ஜாக்கியை இழுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சிரட்டைச் சத்தம் கேட்டால் தானே எழுந்து வந்து கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். நூறாவது கொட்டை விழுந்ததும் தானே நிற்கும்.

"உன் நாய்க்கு எண்ணத் தெரியுதுடி" என்றாள் சிவகாமியம்மாள்.

மஞ்சக்குப்பத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் யுத்த ஆபீசுக்கு விட்டுவிட்டார். கடற்கரைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று போலீஸ் நின்றது. திரும்பிப் போகிற பேச்சே எழவில்லை.

நாற்பத்துமூன்றாம் வருஷம் மார்கழியில் பஞ்சநாதம் ஒரு சனிக்கிழமை, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைக்கு வந்தார்.

"அபயம்! கார்டு வந்திருக்குடி! உயிரோட இருக்கான்!"

கையகல அட்டை. ஜப்பான்காரன் எழுத்து முத்திரை. மேலே அச்சில் நான்கு வரி. கீழே பென்சிலில் கொஞ்சம், இங்கிலீஷில்.

"படிங்க. படிங்க முதல்ல."

"நான் சுகம். கைதி. வேலை செய்கிறேன். இது அச்சு. கீழ அவன் எழுதியிருக்கான்: ஜாக்கி நடக்கிறானா?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு தான் எழுத விடுவானுங்களாம்."

அபயாம்பாள் அட்டையை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தை வெகு நேரம் பார்த்தாள். பின் நாயின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அது மோந்துவிட்டு, சிரட்டை எங்கே என்று பார்த்தது.

"பாத்தீங்களா? நடை இல்லே, நடை இல்லேன்னீங்களே. சுத்தினேன், வந்துடிச்சி."

"எப்ப எழுதினதுன்னு தேதி இல்லே" என்றார் பஞ்சநாதம்.

"எப்ப எழுதினா என்ன?"

அவர் செருப்பைக் கழற்றப் போனார். அவள் முகத்தில் அன்று இருந்ததைப் பார்த்த யாரும் மேற்கொண்டு தேதியைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருஷம் ஆவணியில் பசுமாட்டுக்கு வயிறு உப்பியது. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சுப்பராயலு சைக்கிளில் வந்தார். முப்பது வயது, காக்கி நிஜார், எதற்கும் சிரிக்கிற வாய். மாட்டுக்கு மருந்து ஊற்றிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்கு வந்தவர் நாயைப் பார்த்து நின்றார்.

"இது யாரு நாயிங்க?"

"எம் மவனுது."

"எத்தினி வயசு?"

"ஆறு முடிஞ்சிது."

"ஆறா? பன்னண்டு வயசு நாய் மாதிரி நிக்குதே." குந்தி உட்கார்ந்து பின்னங்கால்களைத் தடவினார். "இங்க கை வைங்கம்மா. இடது தொடை. இப்ப வலது. தெரியுதா?"

"வலது இளைச்சிருக்கு."

"இளைக்கலீங்க, இத்துப் போச்சு. கழுத்தைப் பாருங்க, ஒரு பக்கமாவே திரும்பிக்கிட்டு நிக்குது. பாதமெல்லாம் தேய்ஞ்சி ரத்தம் கட்டியிருக்கு. கட்டியே போட்டு வெச்சிருக்கீங்களா?"

"ஐயையோ, ஒரு நாளும் கட்டினதில்லே. தெனமும் இருநூறு சுத்து நடக்குது."

"எதை?"

"கிணத்தை."

சுப்பராயலு கிணற்றைப் பார்த்தார். கல்லில் தேய்ந்திருந்த வளையத்தைப் பார்த்தார்.

"எந்தப் பக்கமா சுத்துவீங்க?"

"வலமாத்தான்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. ரெண்டு வருசமா ஒரு நாள் தப்பலே."

அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அம்மா, செக்குமாட்டைக் கூட ராத்திரி அவுத்து நேரா நடத்துவாங்க. இது ரெண்டு வருசமா ஒரே பக்கமா திரும்பித் திரும்பி அந்த இடுப்பு அரைஞ்சி போச்சு. நான் சொல்றதைக் கேளுங்க. வெளிய இட்டும் போனா ரொம்ப நல்லது. முடியாதுன்னா, பாதி சுத்து வலம், பாதி சுத்து இடம். இன்னிக்கே ஆரம்பிங்க. கொஞ்சம் திரும்பி வரும்."

"இடமாவா?"

"ஆமாம், இடமா."

"இடமா எப்ப சுத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?"

"எப்ப?"

"கொள்ளிக்குடம் ஒடைக்கையில."

சுப்பராயலு எழுந்து நின்றார். மாட்டுக் கொட்டகையிலிருந்து சிவகாமியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எம் மவன் ஜப்பான்காரன்கிட்ட கைதியா இருக்கான். இந்தச் சுத்துதான் அவனுக்குக் காவல். நான் இடமா சுத்த மாட்டேன்."

"நீங்க சுத்த வேணாம்மா. ஓரமா நில்லுங்க. நாய் மட்டும் சுத்தட்டும்."

"நாய் யாருது? அவனுதுதானே?"

"அவுரு வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க? இப்படியே போனா இன்னும் ஒரு வருசத்துல இது பின்னால எழுந்து நிக்காது."

அபயாம்பாள் நாயின் வலது தொடையில் வைத்த கையை எடுக்கவில்லை.

சுப்பராயலு சைக்கிள் வரை போய்த் திரும்பி வந்தார். "ஞாயித்துக்கிழமை எனக்கு ட்யூட்டி இல்லே. நானே வந்து இட்டும் போறேன். காக்கி நிஜார் போட்டவனை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, முனிசிபாலிடி நாய் புடிக்கிறவன்னு நெனச்சிப்பாங்க."

மாட்டைப் பிழைக்க வைத்தவர் என்பதால் சிவகாமியம்மாளும் தடுக்கவில்லை. அப்படியே வந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை. கீரப்பாளையம் ரோட்டில் வாய்க்கால் கரையோரமாக நடத்திக்கொண்டு போனார். மூன்றாம் வாரம் திரும்பி வந்தபோது ஜாக்கியின் வயிறெல்லாம் சேறு, நாக்கு வெளியே தொங்கியது.

"இன்னிக்கு ஒரு கொக்கைத் தொரத்திச்சும்மா! விழுந்துடிச்சி, எழுந்து திரும்பவும் தொரத்திச்சி."

"ஓடிச்சா? நெசமா ஓடிச்சா?"

"ஓட்டம்னு சொல்ல முடியாது. ஆசை இருக்குது."

அன்றிரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை என்று அபயாம்பாள் அடுத்த சனிக்கிழமை புருஷனிடம் சொன்னாள். நான்காம் ஞாயிற்றுக்கிழமை சுப்பராயலு வரவில்லை. கம்மாபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள், அவருக்குப் பதிலாக வந்தவர் மாடு தவிர எதையும் தொட மாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் வரைக்கும் ஜாக்கி கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பிறகு சிரட்டைச் சத்தம் கேட்டது. வந்தது. வலமாகத் திரும்பியது.

நாற்பத்தைந்தாம் வருஷம் ஆவணியில் யுத்தம் முடிந்தது. வீதியில் ஒருவர் வீட்டுப் பையன் பர்மாவிலிருந்து வந்தான். அண்ணாகிராமத்துக்காரன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்தே வந்துவிட்டான் என்று சொன்னார்கள். பஞ்சநாதம் மகனைப் பற்றி விசாரித்து சர்க்காருக்கு மூன்று மனுப் போட்டார்.

"வந்துடுவான்" என்றாள் சிவகாமியம்மாள். "கப்பல் கிடைக்கணும்ல."

"வந்துடுவான் அத்தே. எனக்கு இப்ப பயமே அவன் வர்றதுதான்."

"என்னடி பேச்சு இது?"

"இதைப் பாருங்க."

ஜாக்கி எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டும் ஊன்றின. வலது பின்னங்கால் துணி மாதிரி மடங்கியது. மூன்றாம் தடவை எழுந்து, கிணற்றுக் கட்டையில் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கால் கல்லில் உரசும் சத்தம் இப்போது புளியங்கொட்டைச் சத்தத்தைவிட ஜாஸ்தி கேட்டது.

"வாசல்லேயே நின்னு கூப்பிடுவான், ஜாக்கின்னு. இது ஓடணும். ஓடாது. என்னைத் திரும்பிப் பாப்பான். நான் என்ன சொல்றது அவனுக்கு?"

அது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். சிவகாமியம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள், அல்லது போய்விட்டாள் என்று அபயாம்பாள் நினைத்தாள். சிரட்டையைத் தொடவில்லை. நாயின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, அந்தப் பக்கமாகத் திருப்பினாள்.

"வாடா. இந்தப் பக்கம். கம்பவுண்டர் சொன்னாரில்லே? வா."

ஜாக்கிக்குப் புரியவில்லை. உடம்பு மறுபடி வலமாகவே வளைந்தது. அவள் குனிந்து இடுப்பைத் தாங்கி, தள்ளித் தள்ளி, இடமாக ஒரு சுற்று நடத்தினாள். அப்புறம் இன்னொன்று. ஏழு சுற்று. எண்ண வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் ஏழு என்று தெரிந்தது. அப்புறம் அவசர அவசரமாக வலமாக ஏழு சுற்றி விட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பஞ்சநாதம் கொல்லைக் கதவில் நின்றார்.

அபயாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"சனிக்கிழமை இல்லியே. ஏன் வந்தீங்க?"

"உக்காரு அபயம்."

"ஏன் வந்தீங்கன்னு கேக்கறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து சர்க்கார் கவரை எடுத்தார். பிரித்துப் படித்து மடித்து, திரும்பப் படித்து மடித்திருந்த காகிதம். அவர் படிக்கவில்லை. வாயால் சொன்னார். கைதியா இருக்கையில. வயித்துப்போக்கு. ஏதோ ஒரு தீவு.

அவள் அழவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை சுத்தினேன்" என்றாள்.

"என்ன?"

"திங்கக்கிழமை சாயந்தரம். இடமா. ஏழு சுத்து. நான்தான் கொன்னுட்டேன்."

பஞ்சநாதம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன ஒளர்றே? இதோ பாரு, தேதி போட்டிருக்கான். நாப்பத்துமூணு ஆகஸ்டு. ரெண்டு வருசம் ஆச்சுடி. நீ மூணு நாளைக்கு முந்தி சுத்தினதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நாப்பத்துமூணா?"

"ஆமாம்."

"கார்டு வந்தது மார்கழியிலே."

"அது முந்தியே எழுதினது. வர்றதுக்கு அவ்வளவு நாளு."

"அப்ப கார்டு வர்றப்பவே அவன் இல்லே."

"இல்லே."

ஆறுதல் சொல்லிவிட்டோம் என்று நினைத்தார் அவர். மெதுவாக அவள் கேட்டாள்:

"அதுக்கப்புறம் ரெண்டு வருசமா நான் வலமா சுத்தினேனே, அது யாருக்கு?"

மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்த சிவகாமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"திங்கக்கிழமை நான் பாத்தேன் பஞ்சு. கோயிலுக்குப் போவ செம்பு எடுக்கத் திரும்பி வந்தேன். வேணாண்டின்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டா."

"சும்மா இருங்க அத்தே! தேதி போட்டிருக்கான்னு சொல்றேன்."

"காயிதத்துல தேதி யாரு வேணும்னாலும் போடுவான்."

அபயாம்பாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தை சொல்வது சரியென்றால் பிள்ளையைக் கொன்றவள் அவள். புருஷன் சொல்வது சரியென்றால் ஒன்றுமில்லாத ஒன்றுக்காக அவன் நாயை முடமாக்கியவள் அவள். எதை எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போதும் தெரியவில்லை, அப்புறமும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் சிரட்டை இரண்டையும் எடுத்து அடுப்பில் போட்டாள். சங்கிலியின் மறுமுனையைக் கொட்டகைத் தூணில் கட்டினாள்.

"கட்டிப் போடாதேன்னு எழுதினானேடி" என்றார் பஞ்சநாதம்.

"நடக்கவும்தான் எழுதினான்."

நான்கு மாதம் ஜாக்கி அந்தத் தூணில் கிடந்தது.

தை பிறந்ததும் மஞ்சக்குப்பத்தில் வேறு வீடு கிடைத்தது. வந்த மறுநாள் விடியற்காலையில் அபயாம்பாள் ஒரு ஜட்கா பேசி, வண்டிக்காரனோடு சேர்ந்து நாயைத் தூக்கி ஏற்றினாள். பஞ்சநாதம் போர்வைக்குள்ளிருந்து கேட்டார்.

"எங்கடி இந்நேரத்துல?"

"தேவனாம்பட்டினம்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம். யாராவது எதிர்ல வருவாங்க."

கடற்கரையில் போலீஸ் இல்லை. அறுந்த முள்கம்பி மணலில் பாதி புதைந்து கிடந்தது. தூரத்தில் கட்டுமரம் தள்ளுகிறவர்களின் குரல். அபயாம்பாள் நாயைத் தண்ணீருக்கு நூறடி தள்ளி இறக்கி வைத்து, சங்கிலியைக் கழற்றினாள்.

"போடா."

ஜாக்கி நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. காது இரண்டும் நிமிர்ந்தன. நேராக, கடலைப் பார்த்து, நாலு அடி வைத்தது. ஐந்தாவது அடியும் நேராகவே வைத்தது.

"போ போ. அப்படித்தான். போ."

ஆறாவது அடியில் கழுத்து வலமாகச் சாய்ந்தது. உடம்பு அதன் பின்னால் வளைந்தது. வலமாக வந்து, அவளுக்குப் பின்புறமாகப் போய், தொடங்கிய இடத்துக்கு வந்தது. மறுபடி. கிணறு இருக்க வேண்டிய இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் விலகி நாலடி தள்ளி நின்று பார்த்தாள். நாய் அந்தக் காலி இடத்தைச் சுற்றியது. பின்கால் மணலில் ஒரு கோடு இழுத்தது.

மீன்கூடையோடு வந்த தங்கம்மாள் என்கிற செம்படவப் பெண் நின்றுவிட்டாள். முன்பு தில்லைநாதனையும் நாயையும் தினம் பார்த்தவள்தான். அடையாளம் தெரியவில்லை.

"என்னாம்மா இது, கிறுக்குப் புடிச்ச நாயா? இவ்வளவு எடம் கெடக்குது, இங்கியே சுத்துது?"

"கிறுக்கு இல்லே."

"புடிச்சி நிறுத்துங்களேன். காலு இழுக்குது பாவம்."

"நிக்காது."

"எப்பத்தான் நிக்கும்?"

"நூறு ஆவணும்."

தங்கம்மாள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவளை ஒரு தரம், நாயை ஒரு தரம் பார்த்தாள்.

"இப்ப எத்தினி ஆச்சு?"

"ஒம்பது" என்றாள் அபயாம்பாள்.